மேனேஜர் கிட்டே வரவில்லை

என் வீட்டுக்காரரைத் தெருவில் கரண்ட்காரர் என்பார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் மின்சார ஆபீஸில் வேலை என்று நினைத்து, மீட்டர் ஓடவில்லை என்று வந்து நிற்பார்கள். அவர் செய்வது வேறு வேலை. பாம்பைக் கண்டால் விலகிப் போக நாய்களைப் பழக்குவது. கம்பிவலைக் கூண்டில் பாம்பு இருக்கும். நாய் மூக்கை நீட்டிக்கொண்டு அருகே போனதும் கழுத்துப்பட்டையில் சுருக்கென்று சின்னதாக ஒரு ஷாக். இரண்டு மூன்று முறை பட்டால், அப்புறம் பாம்பு வாடை அடித்தாலே பின்வாங்கிவிடும்.

பாம்பைத் தொட்டவர் கையில் அதன் வாடை ஒட்டியிருக்கும்; அவர் நாயின் கயிற்றைப் பிடிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் கண்டிப்பான விதி. கயிறு பிடிப்பது என் தம்பி. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் இதை வாய் வலிக்கச் சொன்ன மனிதர், எங்கள் வீட்டு நாயின் முறை வந்தபோது மட்டும் காற்றில் பறக்கவிட்டார். "என் பிள்ளைக்கு இன்னொருத்தன் ஷாக் வைக்கிறதா?" என்று வீம்பு. பாம்பைக் கூண்டில் விட்ட கையாலேயே கயிற்றையும் பிடித்தார். வீட்டில் யார் எதைச் செய்தாலும் வந்து மேற்பார்வை பார்ப்பதால் அந்த நாய்க்கு மேனேஜர் என்று பெயர். கெட்டிக்காரன். பாம்போடு சேர்த்து அவரையும் ஒதுக்கக் கற்றுக்கொண்டான்.

மூன்று மாதம் ஆயிற்று. அவர் கூடத்துக்கு வந்தால் அவன் சமையலறைக்கு ஓடுவான். அவர் சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கைத்தோலே உரிந்தது. கடைசியில் பாம்பு வாடையே வேண்டாமென்று பதினைந்து நாள் வேலைக்கும் போகவில்லை. புதுச் சட்டை, புதுச் செருப்பு.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்குறேன். அப்பவும் வரலைன்னா உன் தம்பியே கூட்டிட்டுப் போகட்டும். தினம் அவன் நடுங்குறத என்னால பாக்க முடியல."

எனக்கு அவர் மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞாயிறு மதியம் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உள்ளங்கையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றேன். மேனேஜர் நான்கு அடி வந்தான். நின்றான். இன்னும் இரண்டு அடி. வாலை லேசாக ஆட்டினான்.

திடீரென்று அவன் காது மடங்கி முதுகு முடி சிலிர்த்தது. பின்னால் நகர்ந்து குரைத்தான்.

"இன்னுமாடா? குளிச்சு குளிச்சே தேஞ்சு போயிட்டேன்டா!" அவர் எழுந்திருக்கக் காலைப் பின்னால் இழுக்கப் போனார்.

மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குக் கீழே பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன்.

"ஏங்க, அசையாதீங்க. கால அப்படியே வைங்க."

நாற்காலிக்கு அடியில் நிழலில், அவர் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி, விரியன் சுருண்டு கிடந்தது. நாய் தன்னைக் கண்டுதான் மிரள்கிறது என்றே பழகிப்போனவருக்குக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. இப்போது சிலையாக உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் இமைக்கவில்லை. அது மெல்ல அவிழ்ந்து, செருப்பை உரசிக்கொண்டு போய்ப் பூந்தொட்டிகளின் பின்னால் நுழைந்தது.

அவர் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த கொக்கிக் கம்பியை எடுக்கக் கை தானாகப் போனது, பாதியில் நின்றது. மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிக்குப் போன் போடு. நான் தொடமாட்டேன்."

தம்பிக்கும் பாம்பு பிடிக்கத் தெரியும். இவர் இருக்கிற இடத்தில் அவனுக்கு வாய்ப்புத்தான் கிடைத்ததில்லை. அவன் வந்து சேரும்வரை இவர் தொட்டிகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்ததும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மெதுவா... தலைய விட்றாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தரம் நழுவி, மூன்றாம் தரம் பெட்டிக்குள் போனது. மூடி விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

தம்பி பெருமை தாங்காமல், "பலே மேனேஜர்!" என்று தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினான்.

மேனேஜர் துள்ளிப் பின்வாங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரே ஓட்டமாக ஓடிவந்து என் வீட்டுக்காரரின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்து, முழங்காலோடு ஒட்டிக்கொண்டான்.

"என்ன மாமா, என்னையப் பாத்துப் பயப்படுது?"

குனிந்து மேனேஜர் தலைமேல் கையை வைத்த மாமா, எங்கள் முன்னாலேயே விசும்பி விசும்பி அழுதார்.

"நீ கையக் கழுவுடா," என்றேன் தம்பியிடம். "ஒரு மூணு மாசம் கழுவு."