வேதப்புத்தகத்தின் மேல் இரண்டு பொட்டலங்கள்

என் வீட்டுக்காரர் எந்தக் காரியமானாலும் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோயிலில் செய்வதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி வேதக்காரர்கள் ஆன பிறகு கோயிலை விட்டார், பூவை விடவில்லை. பொட்டலங்களை வேதப்புத்தகத்தின் மேல் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, என்னை எடுக்கச் சொல்வார்.

சபைக்கு வரும் உபதேசியார் சத்தம் போட்டுப் பார்த்தார். “நான் யாருகிட்டய்யா கேக்குறேன்? கர்த்தருகிட்டதான கேக்குறேன்” என்று இவர் பதில் சொன்னார். மாடு வாங்கப் பூ, கம்பு விதைக்கப் பூ. “இன்னைக்குப் பருப்புக்கொழம்பா புளிக்கொழம்பான்னும் கேட்டுச் சொல்லிருங்க” என்று கேலி செய்வேன். கோபப்பட மாட்டார், சிரிப்பார். அப்படியொரு நல்ல மனிதர்.

எங்கள் சொந்த ஊர் கோம்பை. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய அன்றே அவருடைய அண்ணன் எங்கள் சட்டி பானையெல்லாம் தெருவில் தூக்கி வைத்தார். “எனக்குத் தம்பியே பொறக்கல” என்று ஊர் கேட்கக் கத்தினார். பொட்டிப்புரத்துக்கு வந்து ஒரு புஞ்சையைக் குத்தகைக்குப் பிடித்துப் பிழைத்தோம். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு கிடையாது.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் ஒரு கோடையில் கோம்பையில் வாந்திபேதி கண்டது. பாதி ஊர் தோட்டங்களுக்குக் குடிபோய்விட்டது. அங்கிருந்து வந்த ஒரு வண்டிக்காரர் எங்கள் வாசலுக்கு வராமல் ரோட்டிலேயே நின்று சொன்னார். “ஒங்க அண்ணனும் மதினியும் பேதியில கெடக்காக. அங்கன ஒருத்தரும் உள்ள போக மாட்டேங்குறாக. சின்னப் பிள்ளை ஒண்ணு உள்ளயே கெடந்து அழுகுது.”

இவர் கொல்லைப்பக்கம் போனார். பூப் பறிக்கத்தான் போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. நந்தியாவட்டை ஒன்று, அரளி ஒன்று, வாழை இலையில் கட்டிப் புத்தகத்தின் மேல் வைத்தார். ரொம்ப நேரம் ஜெபித்தார். பிறகு, “எடு புள்ள” என்றார். எடுத்தேன். அரளி. செக்கச் செவேல் என்று இருந்தது.

“கர்த்தர் வேணாங்குறாரு” என்று சொல்லி மூச்சுவிட்டார். அந்த மூச்சில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நல்லாருக்குங்க நியாயம்! பகையாளிக்கும் நல்லது செய்யச் சொல்லி அந்தப் புத்தகத்துக்குள்ள எழுதியிருக்கு. நீங்க அதத் தொறக்காம, மேல பூவ வச்சுக் கேக்குறீக. சொன்னவரையே திரும்பத் திரும்பக் கேட்டா அவரு என்னதான் செய்வாரு?”

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

மறுநாள் மதியம் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் போவதற்கு முன்பே மதினி இறந்துவிட்டாளாம். அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்து, துடைத்து, மடியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். காலையில் அண்ணன் உயிரும் போயிருக்கிறது. “தம்பின்னு கூப்புட்டாரு புள்ள” என்று சொல்லிவிட்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

அதற்கு அடுத்த நாள் அவருக்கே கண்டது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஊற்ற ஊற்ற வெளியே வந்தது. கண் உள்ளே போய்விட்டது, கைவிரல் சுருங்கிவிட்டது. “பூவு வேணாம்னு சொல்லியும் புருசன வம்புக்கு அனுப்பிட்டாளே” என்று வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் ஒங்கள அனுப்பிட்டேன். நான்தான் அனுப்பிட்டேன்” என்று கதறினேன்.

அவருக்குக் குரலே இல்லை. வாயருகே காதை வைத்துத்தான் கேட்டேன்.

“நீ அனுப்பல. அந்த வண்டிக்காரர் சொன்னப்பவே போகணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூவக் கட்டுனேன். பயந்துட்டேன், புள்ள.”

பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். ஆண்டவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அதை அந்த ஆண்டவரிடமே சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். அந்த நேரத்தில் மூலையில் இருந்த பிள்ளை பசிக்கு அழுதது. எழுந்து போய்த் தூக்கினேன்.