மேல் ரோட்டுல இறக்கி, வீட்டுல போட்ட லினக்ஸ் கருவிகள்

கொழும்புல ஒரு சின்ன கம்பனி எனக்கு வேல தர்றேன்னு சொன்னப்ப கூடவே ஒரு நிபந்தனையும் வச்சாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என் சொந்த லெப்டொப்புல அவங்க பாவிக்கிற புரோகிராம் கருவி எல்லாத்தையும் போட்டு, ஒரு சின்ன வேலைய செஞ்சு அனுப்பணும். அனுப்பினா தேயிலைத் தோட்டத்துல எங்க வீட்டுல இருந்தே வேல செய்யலாம். இல்லாட்டி கொழும்புக்கு வந்து ஒப்பீஸ் கம்பியூட்டர்ல செய்யணும். இதச் சொன்ன கம்பனி மிஸ் சிங்களக்காரங்க, நல்ல மனுஷி. என்ன 'நங்கி'ன்னு, அதான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாங்க. கருவிகள போடுற முறையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதியிருக்கு, பாத்து செஞ்சா சரின்னாங்க.

அந்தப் பக்கத்த எழுதின புண்ணியவான் யாருன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நோர்வூட்டுக்கு மேல இருக்குற எங்க வரிசை வீட்டு லயத்துக்குக் கூட்டியாந்து, அவர் எழுதினத அவரையே செய்யச் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கொழும்பு வேணாம். அங்க இருந்துட்டு வந்தவதான் நான். துணிக்கடையில வேல செஞ்சுக்கிட்டே பின்னேர வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதப் படிச்சேன். மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வருவேன். வந்தா என் மக, மொதல்ல அவ அப்பா காலுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாப்பா. பெத்த வயிறு எப்பிடி எரியும்னு சொல்லி வெளங்க வைக்க முடியாது. கடைய விட்டுட்டு வந்து சில மாசமாத்தான் அவ என் மடியில தானா வந்து ஒக்கார ஆரம்பிச்சிருந்தா. அதுக்குள்ள மறுபடியும் பெட்டியத் தூக்கினா அவ என்ன மறந்தே போயிருவா. அந்த பயம்தான் எனக்கு. எங்க வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில வேல. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. அது வேற எனக்கு எரிச்சல்.

லெப்டொப் பழசு. ஹட்டன்ல வாங்கினது. விண்டோஸ் தாங்கலன்னு கடக்காரரே லினக்ஸ் போட்டுக் குடுத்தாரு. மொழி என்ன வேணும்னு கேட்டப்ப தமிழ்னு சொன்னேன். மெனு, போல்டர் பேரு எல்லாம் தமிழ்லயே வந்துச்சு. எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து காம்பிராவுல குடியிருக்குற அக்காவ எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்க லயத்துல சிக்னல் வரும், போகும். மேல் ரோட்டு வளைவுலதான் ஒழுங்கா இருக்கும். கோல் எடுக்குறதுன்னா தோட்டத்துல எல்லாரும் அங்கதான் போவாங்க, போய் கத்திப் பேசுவாங்க. நான் லெப்டொப்பத் தூக்கிக்கிட்டு அங்க மதகுக் கட்டுல ஒக்காந்தேன். ஒக்காந்த எடத்துலயே யார் வீட்டுக் கல்யாணம் நின்னு போச்சு, யாருக்கு மாமியாரோட பேச்சுவார்த்த இல்லன்னு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். கருவி மட்டும் ஏறல.

அந்தப் பக்கத்துல ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு எடத்துல இருந்து எடுக்கச் சொல்லியிருந்துச்சு. புரோகிராம் மொழிக்கு ஒரு எடம், டேட்டாபேஸுக்கு ஒரு எடம், எடிட்டருக்கு இன்னொண்ணு. எடுத்து, நம்ம மெஷின்லயே கட்டி எழுப்பணும். கட்டுற நேரத்துல அது இன்னும் எதையாவது இன்டர்நெட்டுல தேடும். மூடுபனி எறங்கி சிக்னல் போச்சுன்னா எல்லாம் மொதல்ல இருந்து. மழ வந்தா ஒரு கையில குடை, ஒரு கையில கீபோர்ட். கொழுந்து போட்டுட்டுத் திரும்பின அக்காங்க என்னப் பாத்து, "என்னம்மா, நேத்து அடுப்புல வச்சது இன்னுமா வேகல?"ன்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒரு வழியா புதன்கிழம எல்லாம் ஏறிருச்சு. அப்பாடான்னு கம்பனி குடுத்த வேலைய ஓட்டிப் பாத்தா, எரர். அப்பிடி ஒரு போல்டரே இல்லங்குது. கண்ணு முன்னால இருக்கு, இல்லங்குது! அழிச்சு மறுபடி போட்டேன், அதே எரர். ஓப் பண்ணி ஓன் பண்ணிப் பாருன்னு வீட்டுக்காரர் சொன்னாரு பாவம், அவர் மேல எரிஞ்சு விழுந்தேன். மிஸ்கிட்ட கேக்கவும் கூச்சம். இதுக்கே கேக்குறவ வேலைக்கு எப்பிடின்னு நெனச்சிருவாங்களேன்னு.

வியாழக்கிழம காலையில, அவர் பெக்டரிக்குப் போனப்புறம், அந்த எரர எழுத்து எழுத்தா வாசிச்சேன். போல்டரோட வழியில பாதி தூரத்துக்கு வெறும் கேள்விக்குறி. ஏன் கேள்விக்குறின்னு பாத்தா, அந்த எடத்துல இருக்க வேண்டியது 'பதிவிறக்கங்கள்'. நான் பெருமையா தமிழ்ல வச்சிருந்தேனே, எறக்கினதெல்லாம் போய் விழுற அதே போல்டர். அந்தப் பக்கம் எடுக்கச் சொன்னதுல ஒரு பழைய கருவிக்கு இங்கிலீஸ் எழுத்தத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. எத்தன பேரு சேந்து செஞ்ச கருவி, ஒருத்தருக்குக்கூட நம்ம பாஷையில ஒரு போல்டர் இருக்கும்னு தோணலயா? ரொம்ப நேரம் தனியா திட்டிக்கிட்டிருந்தேன். என் மக, நான் அவளத்தான் திட்டுறேன்னு நெனச்சு மூலைக்குப் போயிட்டா. அவளத் தூக்கி வச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

அழுது முடிச்சப்புறம்தான் புத்தி வேல செஞ்சுச்சு. எதுக்கு அந்தப் பக்கம் சொன்னத எல்லாம் செய்யணும்? அத எழுதினது எப்பவோ. லினக்ஸோட சொந்தக் களஞ்சியத்துல தேடிப் பாத்தேன். எனக்கு வேணுங்குற கருவி அத்தனையும், ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி, அங்கயே இருந்துச்சு. கேள்விக்குறி போட்ட அந்தப் பழசுக்குப் பதிலா புதுசே இருந்துச்சு. ஒரே வரி கமாண்ட் போதும். லைன் அறுந்தாலும் விட்ட எடத்துல இருந்து தொடரும். அதுலயும் ஒரு நல்ல வழி, இப்போதைக்கு எறக்கி மட்டும் வையி, அப்புறமா போட்டுக்கலாம்னு சொல்லலாம். மலையில கொழுந்து எடுக்குறது ஒரு எடம், மடுவத்துல நிறுக்குறது இன்னொரு எடம். அந்த மாதிரி பிரிச்சுட்டா மழையில குடையப் புடிச்சுக்கிட்டு ஏன் தவம் கெடக்கணும்?

போட்டத எல்லாம் வழிச்சு எறிஞ்சேன். ஒரு சின்ன பைல் எழுதினேன். வெறும் இங்கிலீஸ் எழுத்துல ஒரு போல்டர் செய்யி, எல்லாத்தையும் எறக்கு, வீட்டுக்கு வந்ததும் வரிசையா போடு, டேட்டாபேஸ எழுப்பு. அவ்வளவுதான். பின்னேரம் வளைவுக்குப் போனேன். வீட்டுக்காரர் வேல முடிஞ்சு நேரா அங்க வந்து குடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சிக்னல் ரெண்டு தடவ போச்சு. போகட்டும்னு விட்டேன், திரும்பி வந்ததும் அதுவா தொடர்ந்துச்சு. வீட்டுக்கு வந்து சோத்த அடுப்புல வச்சுட்டு பைல ஓட்டினேன். சோறு வடிக்கிறதுக்குள்ள எல்லாம் போட்டு முடிஞ்சிருந்துச்சு. ஒரு எரர் இல்ல. எனக்கு நம்பிக்கை வராம இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தேன். நெஞ்சுல வச்சிருந்த கல்ல யாரோ எறக்கின மாதிரி இருந்துச்சு.

வெள்ளிக்கிழம வேலைய அனுப்பினேன். அந்தப் பக்கத்துல உள்ளபடி செய்யல, இப்பிடித்தான் செஞ்சேன்னு அந்த பைலையும் சேத்தே அனுப்பினேன். ஒளிச்சு வச்சு அப்புறம் மாட்டிக்கிறதுக்கு, இப்பவே ஏச்சு வாங்கிக்கலாம்னு.

மிஸ் கோல் எடுத்தாங்க. வேலையப் பத்தி ரெண்டு வார்த்ததான். மிச்சம் எல்லாம் பைலப் பத்தி. ஒப்பீஸ்ல புதுசா வர்றவங்க எல்லாரும் அந்தப் பக்கத்தோட மல்லுக்கட்டித்தான் கருவிகள போடுறாங்களாம், யாரும் வாயத் தெறக்கலயாம். இனிமே எல்லாருக்கும் இதையே குடுக்கப் போறாங்களாம்.

"நங்கி, நீங்க கொழும்புக்கு வர வேணாம். அங்கயே இருங்க"ன்னாங்க.

நான் சரிங்க மிஸ்னு மட்டும் சொன்னேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப அவர் வேற பக்கம் திரும்பிக்கிட்டு மூஞ்சத் தொடச்சாரு. நீங்க இருன்னு ஒரு வார்த்த சொல்லலயேன்னு கேட்டேன். "நான் சொல்லி நீ நின்னா, அது ஒன் மனசுல கெடந்து உறுத்தும் புள்ள"ன்னாரு.

துணிக்கட காலத்துல, திங்கக்கிழம விடிய முன்ன பஸ்ஸுக்கு ஓடுறப்ப, மக தூங்குறப்பவே சத்தம் போடாம கெளம்பிருவேன். முழிச்சிருந்தா விட மாட்டாளேன்னுதான் அப்பிடி செஞ்சேன். அதனால நான் வந்திருக்குற ஞாயித்துக்கிழமன்னா அவ தூங்கவே பயப்படுவா. நான் வீட்டோட வந்தப்புறமும் அந்தப் பழக்கம் அவள விட்டுப் போகல, திங்கக்கிழம விடியற நேரம் துள்ளி எழும்பி என்னத் தேடுவா. அந்த வார ஞாயித்துக்கிழம அவகிட்ட சொன்னேன், அம்மாவுக்கு வேல கெடச்சிருச்சு, இங்கயே, இந்தக் காம்பிராவுலயேன்னு. வெளங்கிச்சோ என்னவோ, கேட்டுக்கிட்டிருந்தா. திங்கக்கிழம விடிஞ்சுச்சு. பேர் குடுத்து வேல வாங்க பெரட்டுக்குப் போறவங்க பேசிக்கிட்டே வாசலத் தாண்டிப் போனாங்க. அவ அசையவே இல்ல. வாயத் தெறந்து போட்டுக்கிட்டு நல்லா தூங்கிக்கிட்டிருந்தா.