றொன்ஜனைத் தேடிய மனிதர்

கனடாவில் என்னுடைய வேலை, மனிதர்களிடம் மூச்சு விட வேண்டாம் என்று சொல்வது. ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். நெஞ்சைப் படம் பிடிக்கும்போது ஆள் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் நுரையீரல் கலங்கித் தெரியும். இந்த நகரத்தில் அதை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லிக் காலந்தள்ள முடியாது. உருது, தகலொக், கன்ரனீஸ், டாரி என்று நோயாளிகளிடமிருந்தே பொறுக்கி வைத்திருக்கிறேன். சில சீனத்து அம்மாக்கள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள், படம் பழுதாகிவிடும். அந்த மொழிகளில் எனக்கு வேறு ஒரு சொல்லும் தெரியாது. வணக்கம் சொல்லத் தெரியாது, பெயர் கேட்கத் தெரியாது. மூச்சை அடக்கு என்று மட்டும் சொல்லத் தெரியும். ஜெர்மன் மொழியில் அதுகூடத் தெரியாது. இங்கே இருக்கிற ஜெர்மன்காரர்கள் எல்லாரும் நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள், அதற்குத் தேவையே வராது என்று நினைத்திருந்தேன்.

போன மாரியில், உறைமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடியாகிக் கிடந்த ஒரு பின்னேரம், செல்வம் அண்ணை ஒரு தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளை அங்குமிங்கும் கொண்டுபோகிறவர். கட்டிலில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். மகளின் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம். அவருடைய பெயரைச் சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல. ஹெர்மன் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உவர் ஆரோ ரண்கன் எண்டொருத்தரைத் தேடுறார்," என்றார் செல்வம் அண்ணை. "எமேர்ஜென்சியிலயும் விசாரிச்சுப் பாத்தனான். அப்பிடியொரு டொக்டர் இஞ்ச இல்லையாம்."

பின்னால் வந்த மகள், மோனிக்கா என்று சொல்லலாம், அறுபது வயதுப் பெண். அது அப்பாவின் தம்பியின் பெயரா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அப்பாவுக்கு மறதி நோய் என்றும், ஒரு வருடத்துக்குள் ஆங்கிலம் முழுவதும் அவரை விட்டுப் போய்விட்டது என்றும் சொன்னாள். சிறுவயதில் பேசிய ஜெர்மன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவளுக்கோ ஜெர்மன் தெரியாது. போர் முடிந்து சில வருடங்களில் கப்பலேறி வந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஒஷாவாவில் ஜெர்மன் பேசும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள் என்று பயந்து, வீட்டுக்குள் அந்த மொழியை அவர் பேசவே இல்லையாம். "எனக்கு நல்லது செய்ய நினைத்தார். இப்போது என் அப்பாவோடு என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை," என்றாள்.

நானும் செல்வம் அண்ணையும் அவரைத் திருப்ப முயன்றோம். என் கையை உதறித் தள்ளினார். வலி மருந்து கொடுத்திருந்தார்கள். இது வலி இல்லை, பயம். தன்னைச் சுற்றி நிற்கிறவர்கள் பேசுவது எதுவும் விளங்காத மனிதனுடைய பயம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து ஒலிபெருக்கியில் யாரோ ஆங்கிலத்தில் கத்தியபோது, ஓடுவதா உள்ளே இருப்பதா என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். அந்தக் கண்கள் எனக்குத் தெரியும்.

அவர் மறுபடியும் கத்தினார். இந்த முறை கையை உயர்த்தி எங்கள் தலைக்கு மேல் தொங்கிய இயந்திரத்தைக் காட்டினார். "ரோன்ட்கென்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. அது ஆளைத் தேடும் குரலில்லை. எக்ஸ்ரே எடுக்கத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள், எனக்கு அது விளங்குகிறது என்று அந்த மனிதர் இவ்வளவு நேரமும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவருடைய பெயர் அது. இருட்டறையில், கறுத்த அட்டையால் மூடிய குழாய்க்கு அப்பால் ஒரு திரை தானாக ஒளிர்வதைக் கண்டவர். என்னவென்று தெரியாத கதிர் என்பதால் எக்ஸ் என்று பெயர் வைத்தவர். தன் மனைவியின் கையைப் படம் பிடித்து எலும்பையும் மோதிரத்தையும் உலகத்துக்குக் காட்டியவர். அதற்குக் காப்புரிமைகூட எடுக்கவில்லை. நாங்களெல்லாம் எக்ஸ் என்கிறோம், ஜெர்மன்காரர்களோ அவருடைய பெயரையே சொல்கிறார்கள்.

"ஓம், ஓம். றொன்ஜன்," என்றேன். யாழ்ப்பாணத்தில் படித்த பெயர் அப்படியே வாயில் வந்தது.

கிழவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாக, அசை பிரித்துச் சொன்னார்: "ரோன்ட். கென்." நான் சொன்னேன். போதாது என்று தலையசைத்தார். மறுபடி சொன்னேன். சரி என்று கண்ணை மூடித் திறந்தார்.

ஏன் செய்தேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த அடுத்த ஜெர்மன் சொல்லை எடுத்தேன். "பன்சன்."

"புன்ஸன்," என்றார் உடனே.

எங்கள் தலைமுறைக்கு இவர்கள் மனிதர்களே இல்லை. பொருட்கள், முறைகள், அலகுகள். கிடுகுக் கொட்டில் ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்த மாஸ்டர், பன்சன் சுடரடுப்பைக் கரும்பலகையில்தான் கீறிக் காட்டினார். எரிவாயு எங்கே இருந்தது, போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத காலம். லீபிக் ஒடுக்கி என்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பள்ளிக்கூட அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஹேர்ட்ஸ் என்றால் வானொலி அலைவரிசையின் அலகு. பற்றரி தடை செய்யப்பட்டிருந்தபடியால், அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் ஓடிய றேடியோவில் நாங்கள் செய்தி கேட்டோம். வோலர், உயிருள்ள எதன் உதவியுமில்லாமல் ஆய்வுகூடத்தில் யூரியா செய்தவர். ஹேபர், காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கியவர். உலகத்தின் பசளையெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்று மாஸ்டர் சொன்னபோது, எங்கள் ஊருக்குள் யூரியா கொண்டுவரவும் தடை. கொட்டிலுக்கு வெளியே வெங்காயத் தோட்டம் மஞ்சளாகிக் கிடந்தது. நாங்கள் சமன்பாட்டைப் பாடமாக்கினோம்.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கட்டிலின் பக்கத்தில் வைத்தேன். லீபிக் என்றேன்; லீபிஷ் என்று திருத்தினார். வோலரை வாயைக் குவித்துச் சொல்ல வைத்தார். எனக்கு வரவேயில்லை, அவருக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. பௌதிகத்தில் ஒரு மாறிலியாக மட்டும் தெரிந்த பிளாங்கைச் சொன்னபோது பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் எப்போதோ விட்டிருந்தன. நான் பெயர் சொல்லச் சொல்லச் செல்வம் அண்ணை பதமாக அவருடைய காலைத் திருப்பினார். இடுப்புப் படம் எடுத்து முடிந்தது.

"ஹேபர்," என்றேன்.

"ஹாபர்," என்றார். பிறகு முகம் மாறியது. என்னவோ நீளமாகச் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது ஒரே சொல், காஸ். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். சோற்றுக்கு வழி செய்த அதே மனிதர்தான் முதலாம் உலகப் போரில் குளோரின் வாயுவைப் போர்முனைக்குக் கொண்டுபோனவர் என்பதை நான் கனடாவுக்கு வந்த பிறகுதான் வாசித்து அறிந்தேன். யூதராகப் பிறந்தவர் என்பதால் கடைசியில் சொந்த நாட்டில் இருக்க முடியாமல் வெளியேறி அந்நிய ஊரொன்றில் இறந்துபோனார் என்பதையும். ரியூட்டரியில் எங்களுக்கு அமோனியாவோடு கதை முடிந்துவிட்டது.

நெஞ்சுப் படம் மிச்சமிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் கட்டாயம் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை. "ஐயா, மூச்சை இழுத்து அடக்குங்கோ," என்றேன். அவர் இழுத்து அடக்கினார். நான் என் நெஞ்சில் கைவைத்துக் காட்டியதைப் பார்த்துத்தான் செய்திருப்பார். ஆனாலும் படம் அவ்வளவு தெளிவாக வந்தது.

மோனிக்கா கதவோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். "என்ன மொழியில் பேசினீர்கள்?" என்று கேட்டாள். வெறும் பெயர்கள்தான் என்றேன். இளமையில் அப்பா இரசாயனம் படித்தவர், இங்கே கார்த் தொழிற்சாலையில் நிறப்பூச்சுப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர் என்று அப்போதுதான் சொன்னாள். அந்தப் பெயர்களைத் தனக்கும் சொல்லித்தரும்படி கேட்டாள். தள்ளுகட்டில் போகும்போது பக்கத்தில் நடந்தபடியே "பன்சன், பன்சன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். தாழ்வாரத்தின் முடிவில் கிழவர் திருத்துகிற குரல் கேட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள் ஆரணி சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கும் இங்கிலீஷ் போயிட்டா, என்ர தமிழ் காணுமா?"

"காணும், அது போதும்."

"பொய் சொல்லாதேங்கோ. I can't even say மழை properly." உண்மைதான், அவளுக்கு அது மலையாகத்தான் வரும். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று மோனிக்கா மருத்துவமனைக்கு வந்து கேட்டாள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜன்னல் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் கவனமாக, அவர் படிப்பித்தபடியே "புன்ஸன்" என்றேன். ஒரு பதிலுமில்லை. பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார். சரியாகச் சொல்லிவிட்டேன், அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மோனிக்கா "லீபிக்" என்றாள். உடனே அவளைத் திருத்தினார். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சரியாகச் சொல்லிப் பழக அவள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். சொல் விளங்கவில்லை, ஆனால் புதிதாகக் கண்ட ஆளிடம் எந்த நாட்டிலும் கேட்கிற கேள்வியின் இழுப்பு அதில் இருந்தது. "யாழ்ப்பாணம், ஐயா," என்றேன். அவர் காத்திருந்தார். அதனால் தொடர்ந்து தமிழிலேயே சொன்னேன். கிடுகுக் கொட்டிலைச் சொன்னேன், அண்ணன் சுற்றிய சைக்கிளைச் சொன்னேன், மஞ்சளாய்ப் போன வெங்காயத்தைச் சொன்னேன். தலையாட்ட வேண்டிய இடங்களில் அவர் தலையாட்டினார். இடையில் அவரும் தன் ஊரைப் பற்றியோ எதைப் பற்றியோ ஜெர்மனில் நீளமாகச் சொன்னார். நானும் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் நிறுத்தி நிறுத்தி, ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடாமல், பழைய சிநேகிதர்களைப் போலப் பேசினோம்.

எங்கள் நடுவில், தான் பிறந்த ஊரிலேயே ஒன்றும் விளங்காதவளாக மோனிக்கா இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு பேரும் என்ன பேசுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் திரும்பினேன். இத்தனை வருடம் சோறு போட்ட ஆங்கிலம் உடனே வரவில்லை. வாயில் வந்தது தமிழ்தான்.