கொழு முனையில் வைத்த உருக்கு

கல்லூரியில் இரசாயனப் பாடத்தில் முதலாவதாக வந்ததற்கு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் பரிசு கொடுத்தார்கள். அக்காலத்துச் சீமைப் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு ஒட்டியே வரும். கத்தியால் வெட்டினால்தான் அடுத்த பக்கம். உலோகங்களைப் பற்றிய பகுதியில் வெட்டிய தாள் வரை படித்துவிட்டு, விடுமுறைக்கு வந்து எங்கள் ஊர் ஆசாரிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தேன்.

கார் உழவுக்கு முன் ஊர்க் கலப்பைகளின் கொழுக்களெல்லாம் அவர் உலைக்கு வரும். தேய்ந்த இரும்பு முனையில் பழைய அரத்தின் உருக்குத் துண்டை வைத்து, மணல் தூவி, வெண்சூட்டில் அடித்து ஒன்றாக்குவார். பிறகு சிவக்கக் காய்ச்சி முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்தெடுத்து, கல்லால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்பக்கத்துச் சூடு முனைக்கு ஏறி வைக்கோல் நிறம் தெரிந்ததும் முழுவதையும் முக்குவார்.

“தோச்சு கெட்டியாக்கினதத் திரும்பச் சூடேற விடுதீரே, என்ன கூத்து வே இது?” என்றேன். அவருக்கு என் தகப்பனார் வயது.

“அந்த நெறம் வராட்டா ஒடிஞ்சிரும், சின்னய்யா.”

“எந்தப் பொஸ்தகத்துல இருக்கு?”

“எங்கிட்டப் பொஸ்தகம் ஏது? கைதான் இருக்கு.”

களத்தில் அவருக்கு அளக்கும் நெல்லில் பெரும்பங்கு எங்கள் வயலிலிருந்து போவது. ஆகவே புத்தகம் வென்றது. எல்லாக் கொழுக்களையும் ஒரே முக்கில் குளிரவிட்டார். அரம் வைத்து உரசிப் பார்த்தேன்; அவ்வளவு கெட்டி, பிடிக்காமல் வழுக்கிற்று. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

உழவின் முதல் நாள் உச்சிவேளைக்குள், சரளையில் பட்ட முனைகளெல்லாம் ஒடிந்தன. உலைக்கு முன்னால் ஊர் கூடிற்று.

“மட்டத்த வச்சுட்டு நல்ல உருக்க எங்கன வித்தீரு ஆசாரி? மிச்சத்தையும் கொண்டாரும், பாப்போம்” என்றார் ஒருவர்.

“சின்னய்யா சொல்லித்தான் செஞ்சேன்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீயா சொன்ன?”

“இவரு தொழில்ல எனக்கு என்னப்பா தெரியும்?”

அந்த விடுமுறையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் பொய்யாகத்தான் சொன்னேன்.

அறுவடையில் அவருக்கு நெல் இல்லை என்று ஊர் முடிவு செய்தது. பட்டடைக் கல்லையும் குடும்பத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திசையன்விளைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அடுத்த தாளை வெட்டினேன். முதல் வரியிலேயே வைக்கோல் நிறம் இருந்தது.

புதிதாக வந்த ஆசாரியும் முனையை மட்டும் தோய்த்து, நிறத்துக்குக் காத்திருந்தார். “இவராவது சரியாச் செய்யுதாராலே?” என்று எல்லார் முன்னிலும் அப்பா கேட்டார்.

“சரியாத்தான் செய்யுதாரு” என்றேன்.

அன்று முதல் இரும்புச் சாமான் வாங்குவதென்றால் ஊரார் என்னைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். திசையன்விளை ஒரு நாள் வண்டிப் பயணம். நான் ஒருமுறையும் போகவில்லை.