துரை வேலையை விட்ட கதை

கனடாவில், பிறம்ரனில் ஒரு கிடங்கில் பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய என் கணவர், ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "வேலையை விட்டிட்டன்" என்றார். எங்கள் வீடு இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் கார் ஓட இனி ஏலாதாம். சூப்பர்வைசரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அந்தக் கதை இன்னும் வளர்ந்தது. "அத்தானுக்கு நல்ல துணிவு" என்று என் தம்பி சொல்ல, இவருடைய நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

மூன்று கிழமையாக நான் அவரைச் சும்மா விடவில்லை. "துரை இண்டைக்கு ஆருக்கு ராஜினாமாக் கடிதம் குடுக்கப்போறார்?" என்று விடிந்ததும் நக்கலாகத் தொடங்கிவிடுவேன். தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்காது. அது இல்லாமல் என் பகுதிநேரச் சம்பளத்தில் வீட்டை ஓட்ட முடியாது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 'தானாக விலகினார்' என்று போட்டு, காரணம் கேட்ட இடத்தில் அவருடைய முதுகுநோவை உருக்கமாக எழுதினேன். கலியாணம் கட்டிய நாள்முதல் அந்த முதுகுக்கு நான் அவ்வளவு இரக்கம் காட்டியதில்லை.

பிறகு காப்புறுதி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரியோடு மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஐயா, நீங்களா வேலையை விட்டதெண்டு எழுதியிருக்கிறீங்கள். கொம்பனி அனுப்பின பேப்பரில, வேலை குறைஞ்சதால உங்களை நிப்பாட்டினதெண்டு இருக்கு. எது சரி?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசைவிரிப்பைப் பார்த்தார்.

"இஞ்சரும், ஒருக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருமன்" என்றார் என்னிடம்.

போனேன். எங்கள் குசினி நாலடி தள்ளித்தான். கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"என்னை நிப்பாட்டினவைதான், தங்கச்சி," என்றார் மெதுவாக. "பதினொரு வருசம். இனி வரவேண்டாமெண்டு பத்து நிமிசத்தில சொல்லிப்போட்டினம். மனிசிக்குச் சொல்ல வெக்கமாயிருந்தது."

அந்தப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, "பிரச்சினை இல்லையாம் ஐயா. அதிகாரி திருத்திவிடுறாவாம். உங்களுக்குக் கிடைக்கும்" என்றாள்.

எனக்கு ஆறுதலும் அழுகையும் சேர்ந்து வந்தன. துரை, துரை என்று நான் குத்தியதெல்லாம் என் காதிலேயே திரும்பக் கேட்டது. தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிற்று. எதற்கும் குறை சொல்லும் மனிதர், கடைசிச் சொட்டுவரை குடித்தார். நானும் எதுவும் காதில் விழாததுபோல் கோப்பையை வாங்கிக் கழுவினேன்.

பின்னேரம் தம்பி வந்தான். "அத்தான், உண்மையா ஏன் வேலையை விட்டனீங்கள்?" என்று கதிரையை இழுத்துப் போட்டான்.

அவர் வாயைத் திறக்க முன்னர் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் விடச் சொன்னனான். உந்த முதுகோட இனிப் போகவேண்டாமெண்டு. உனக்கென்ன?"