மூன்று மணி மழையும் ஒரு காலி மெசேஜும்

சென்ற செவ்வாய்க்கிழமை, பட்டுக்கோட்டையில் ஷமீமா வீட்டில் மதியச் சாப்பாடு. கல்லூரியில் என் பக்கத்து சீட்டுக்காரி. கணவர் துபாயில், இவள் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். நெய்ச்சோற்றில் கை வைத்த நேரம்... போன்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து செல்வி அக்கா. குத்தகை நிலத்தில் குறுவை நெல் போடுகிறவர். முப்பது விவசாயிகள் உள்ள குழுவின் செயலாளர். அவர்களுக்குத் தினமும் தமிழில் மழைத் தகவல் அனுப்புவது ஷமீமா எழுதிய சர்வர்தான்.

"ஷமீமா, இன்னைக்கு மெசேஜ்ல 'மழை நிலவரம்'னு தலைப்பு மட்டும்தான் இருக்கு. கீழ ஒண்ணுமே காணும். அப்ப மழை இல்லன்னுதானே அர்த்தம்? நெல்லு பூரா ரோட்டுல காயுது."

ஷமீமாவின் முகம் மாறியது. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் லேப்டாப்பைத் திறந்தாள்.

வானிலைத் தகவல் தருகிற இடத்திலிருந்து அது எக்ஸ்எம்எல் வடிவத்தில் வரும். நேரம், இடம், மழை அளவு — எல்லாம் டேக் என்ற தனித்தனிப் பெயர்ச்சீட்டுக்குள். சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் அதை வாங்கி எக்ஸ்எஸ்எல்டி என்ற ஸ்டைல்ஷீட்டிடம் கொடுக்கும். அது வேண்டியதைப் பொறுக்கித் தமிழ் வாக்கியமாக்கும்.

வந்திருந்த எக்ஸ்எம்எல்லை அவளே நேராகப் படித்தாள். மூன்று மணிக்கு மேல் கனமழை. அப்போது மணி ஒன்றே கால்.

நானாக இருந்தால் முதலில் கோளாறைத் தேடியிருப்பேன். அவள் தேடவில்லை.

"செல்விக்கா, மழை இருக்கு. மூணு மணிக்கு மேல, பெரிய மழை. நெல்ல அள்ளுங்க. மத்தவங்களுக்கு நாங்க சொல்றோம்."

குழுவில் மற்றவர்களின் நம்பர்களில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. "நீங்க யாரு பேசுறது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். யாரோ ஒருத்தி போன் செய்து நெல்லை அள்ளச் சொன்னால் வேறென்ன கேட்பார்கள்?

ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. மாரிமுத்து. செல்வி அக்கா ஆள் அனுப்பிப் பார்த்தார் — வீடு பூட்டியிருந்தது.

இரண்டரைக்கே கொட்டத் தொடங்கிவிட்டது. மற்றவர்களின் நெல் அதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தது. மாரிமுத்துவின் நெல்லில் பாதியைத்தான் அக்கம்பக்கத்தார் அள்ள முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஷமீமா கோளாறைத் தேடினாள். தகவல் அனுப்புகிறவர்கள் அன்று காலை டேகுகளுக்கு நேம்ஸ்பேஸ் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள் — பெயரோடு குடும்பப் பெயரும் ஒட்டிக்கொண்ட மாதிரி. ஸ்டைல்ஷீட்டோ பழைய பெயரிலேயே தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. கிடைக்காதது அதன் கணக்கில் பிழையே இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, வேலை முடிந்தது என்று சர்வரிடம் சொல்லிவிட்டது.

சாயங்காலம் மாரிமுத்துவை அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பு என்னோடது. காலியா வந்தா என்ன செய்யணும்னு நான் யோசிக்கவே இல்ல."



"மெசேஜைப் பாத்துட்டு, மழை இல்லன்னுதாம்மா பிள்ளையப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்... நனைஞ்சது நனைஞ்சுட்டு. நாளைக்கு மெசேஜ் வருமில்ல?"

"வரும்ணே," என்றாள். போனை வைத்துவிட்டுத்தான் அழுதாள். நான் டீ போடப் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் நேம்ஸ்பேஸைச் சரிசெய்தாள். கூடவே இன்னொன்றும். இனி மழை நேரமோ அளவோ காலியாக இருந்தால், 'தகவல் தெரியவில்லை, போன் செய்யுங்கள்' என்று மெசேஜ் போகும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு சர்வர் கற்றுக்கொண்டுவிட்டது... மனிதர்களில் எத்தனை பேருக்கு அது வருகிறது?