வாய்ப்பாடு இல்லாமல் பெருக்கிய சனிக்கிழமைகள்

அழகாக எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். அக்காவைப் பற்றி எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். உள்ளதை எழுதுகிறேன்.

அக்கா மேற்குத் தாம்பரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி. முடித்து, என்னையும் ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை; அது அவருடைய முடிவு. துக்கத்துக்கு வந்த இடத்திலும் அதைக் கிளறியவர்கள் இதோடு விட்டுவிடலாம்.

ஓய்வுக்குப் பின், சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறையில் சனிக்கிழமைதோறும் கணக்கின் கதை சொன்னார். கட்டணம் கிடையாது. தேர்வும் கிடையாது. ஒரு வாரம் ரோமானிய எண்களில் விலை எழுதிக் காய்கறிக் கடை நடத்தச் சொன்னார். கூட்டத் தெரியாமல் எல்லாரும் விழித்தார்கள். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இன்னொரு வாரம் எகிப்துக்காரர்களின் பெருக்கல். பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்க வேண்டுமா? இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்: 12, 24, 48, 96. ஒரு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு சேர்ந்தால் பதின்மூன்று மடங்கு. 12, 48, 96 மூன்றையும் கூட்டினால் 156. வாய்ப்பாடே தேவையில்லை.

சங்கச் செயலாளரின் மகள் இதைப் பள்ளித் தேர்வில் எழுதிவிட்டாள். மதிப்பெண் கொடுக்கவில்லை. செயலாளரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"விடை தப்பா சார்?" என்று கேட்டார் அக்கா.

"விடை கரெக்ட்தான் மேடம். மெத்தட் தப்பு."

"அந்த மெத்தட் வச்சிருந்தவங்க கட்டின பிரமிட் இன்னும் நிக்குது சார்."

"ரூம் இனிமே தர முடியாது மேடம்."

நான் சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா தடுத்தார்.

"சும்மா இருடா. நம்ம நாட்டுல பிறந்த 1, 2, 3 எண்களையே ஐரோப்பாவுல ஒரு ஊர்ல வியாபாரிங்க சங்கம் கணக்குல எழுதக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. நான் எம்மாத்திரம்? நம்ம ஹால்ல இருக்கிற சோபாவைத் தூக்கு."

அந்த வாரமே எங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கினார். பிறகு புற்றுநோய் வந்தது. குரல் போனதும், வகுப்பு நின்றுவிடுமோ என்ற ஒன்றுதான் அவரை வருத்தியது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்ற பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "நான் சொல்றேன் டீச்சர். தப்பா சொன்னா கையைத் தட்டுங்க" என்று எழுந்து நின்றார். அக்கா படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை கை தட்டினார். அக்கா போன பிறகு அந்த வீட்டைப் பொத்தேரிக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடச் சொன்னார்கள் உறவினர்கள். முடியாது, கூடம் சனிக்கிழமைக்கு வேண்டும் என்றேன்.

இரவெல்லாம் உடனிருந்த செவிலியருக்கும், கேட்காமலே கார் எடுத்த நண்பர்களுக்கும், சனிக்கிழமையை இன்றுவரை விடாத அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி.

செயலாளர் சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் உங்கள் மகள் வாரம் தவறாமல் வருகிறாள். அவளைக் கூட்டிப்போக வந்து படிக்கட்டிலேயே நிற்கிறீர்கள். உள்ளே வாருங்கள். நாற்காலி போட்டிருக்கிறேன்.